உயிர்மருத்துவப் பொறியியல் படிக்க வருபவர்களுக்கு: சேர்க்கையிலிருந்து முதல் வேலை வரை

மருத்துவமனை ஒன்றில் எனக்குப் பயிற்சி இடம் கிடைத்திருந்தது. தேதியும் குறித்தாயிற்று. சேர மூன்று வாரம் இருக்கும்போது, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டதற்கான சான்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் ஒரு தவணைகூடப் போட்டிருக்கவில்லை. வழக்கமான அட்டவணைப்படி முதல் தவணைக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. என் பயிற்சி ஏழு மாதம் தள்ளிப்போனது, அதனோடு வேலை தேடுவதும் தள்ளிப்போனது.

இப்படி ஒன்றல்ல, நான்கைந்து இடங்களில் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். பாடம் கடினமாக இருந்ததால் இழந்ததைவிட, எதை எப்போது செய்ய வேண்டும் என்று தெரியாமல் இழந்ததே எனக்கு அதிகம். பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் படிக்க நினைக்கிறீர்கள், அல்லது இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, 4ஆம் பகுதியை மட்டும் இன்றைக்கே செய்யத் தொடங்குங்கள்.

1. பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், பாடத்திட்டத்தைப் பார்த்துச் சேருங்கள்

உயிர்மருத்துவப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பம், உயிர்மருத்துவ அறிவியல், மருத்துவ மின்னணுவியல் என்று நான்கைந்து பெயர்களில் படிப்புகள் இருக்கின்றன. விண்ணப்பப் படிவத்தில் எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் வரும், கேட்பதற்கும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே நுழைந்தால் வேறு வேறு உலகம்.

உயிர்மருத்துவ அறிவியல் என்பது பெரும்பாலும் நோய், செல், ஆய்வகப் பரிசோதனை சார்ந்தது. உயிரித் தொழில்நுட்பம் நுண்ணுயிர், மரபணு, மருந்து உற்பத்தி பக்கம் போகும். நம்முடையது பொறியியல். வென்டிலேட்டர், ஈசிஜி கருவி, செயற்கை மூட்டு, ஸ்கேன் படம், அவற்றை இயக்கும் மென்பொருள் ஆகியவற்றை வடிவமைப்பது, சோதிப்பது, பராமரிப்பது. கணக்கைத் தவிர்க்கலாம் என்று எண்ணி உயிரியல் ஆர்வத்தால் இதில் சேர்ந்தவர்கள் என் வகுப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கு பேர் இரண்டாம் ஆண்டுக்குள் துறை மாறிவிட்டார்கள். அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கல்லூரியின் முழுப் பாடத்திட்டத்தை வாங்கி, மின்சுற்றுகள், சிக்னல் பகுப்பாய்வு, இயந்திரவியல், உடலியங்கியல், மருத்துவக் கருவியியல் ஆகிய பாடங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். வகைக்கெழுச் சமன்பாடுகள் இல்லாத பாடத்திட்டம் என்றால் அது பொறியியல் பட்டமாக மதிக்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

2. சேர்வதற்கு முன் கல்லூரியிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதல் கேள்வி அங்கீகாரம். இதில் பலரும் ஏமாறுவது, கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதையே போதுமானதாக எடுத்துக்கொள்வதில்தான். பொறியியலில் அங்கீகாரம் ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. கல்லூரியின் கட்டடப் பொறியியலுக்கு இருப்பது உயிர்மருத்துவத்துக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. பிற்காலத்தில் வேறு நாட்டில் பொறியாளராகப் பதிவுசெய்ய நினைத்தால் வாஷிங்டன் உடன்படிக்கை என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1989இல் கையெழுத்தான இந்த உடன்படிக்கையில் உள்ள அமைப்புகள், ஒருவர் அங்கீகரித்த நான்காண்டுப் பொறியியல் பட்டத்தை மற்றவர் தம்முடையதற்கு இணையாக ஏற்கின்றன. உங்கள் நாட்டின் அங்கீகார அமைப்பு அதில் உறுப்பினரா, நீங்கள் பட்டம் பெறும் ஆண்டில் உங்கள் படிப்புக்கு அங்கீகாரம் நடப்பில் இருக்குமா என்று பாருங்கள். அமெரிக்காவில் இதைச் செய்வது ஏபெட் என்ற அமைப்பு.

இரண்டாவது, மருத்துவமனைத் தொடர்பு. 'எங்களுக்குப் பல மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். சென்ற ஆண்டு எத்தனை மாணவர்கள், எத்தனை வாரம், எந்தப் பிரிவில் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தயங்கினால், சேர்ந்தபின் இடத்தை நீங்களேதான் தேட வேண்டியிருக்கும். அது முடியாத காரியம் அல்ல, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆய்வகம். நேரில் சென்று பாருங்கள். மேசைமேல் இருக்கும் கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா, மாணவர்கள் கருவியின் மூடியைக் கழற்ற அனுமதி உண்டா என்பது உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

3. முதல் இரண்டு ஆண்டுகள்: சிக்னல் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்

படிப்பு முழுவதிலும் நாற்பதுக்கு மேற்பட்ட பாடங்கள் வரும். எல்லாவற்றிலும் முதலிடம் வர முடியாது, தேவையும் இல்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் வரும் சிக்னல்கள் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துத் தாண்டிவிட்டால் அது மீதிப் படிப்பு முழுவதும் உங்களைத் துரத்தும். ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ஈசிஜியில் நாம் அளப்பது தோலின்மேல் கிடைக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம். அதன்மேல் மூச்சு விடும்போது ஏற்படும் மெதுவான அலைவும், தசை நடுக்கமும், சுவரிலுள்ள மின்கம்பியிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஏறிக்கொள்கின்றன. படுக்கையருகே உள்ள மானிட்டர் இந்த அலைவைத் தவிர்க்க, வழக்கமாக 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே காட்டுகிறது. கோடு நிலையாக, அழகாகத் தெரியும். நோயறிதலுக்கான ஈசிஜியோ 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை எடுக்கப்படுகிறது.

கீழ் எல்லையில் 0.5க்கும் 0.05க்கும் உள்ள வேறுபாடு எங்கே தெரியும் தெரியுமா? மாரடைப்பைக் கண்டுபிடிக்க மருத்துவர் பார்க்கும் எஸ்டி பகுதியில். இந்த எல்லைகளுக்கு வெளியே உள்ளதை நீக்கும் வடிகட்டியைத் தவறாகத் தேர்ந்தால் அந்தப் பகுதி மேலேறியோ கீழிறங்கியோ தெரியும். இல்லாத நோய் இருப்பதுபோலவும், இருக்கும் நோய் இல்லாததுபோலவும் கோடு காட்டக்கூடும். தேர்வில் 'உயர் அலைவெண் கடத்தும் வடிகட்டியை விளக்குக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியது, ஒருவர் நெஞ்சில் ஒட்டிய கம்பியின் மறுமுனையில் என்னவாகிறது என்று புரிந்தபோதுதான் எனக்கு இந்தத் துறையின்மேல் உண்மையான மரியாதை வந்தது.

இதைப் படித்துக்கொள்ளச் செலவு தேவையில்லை. ஃபிசியோநெட் என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் எம்ஐடி-பிஐஎச் இதயத்துடிப்புத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 47 பேரிடமிருந்து எடுத்த 48 பதிவுகள், ஒவ்வொன்றும் அரைமணி நேரம், நொடிக்கு 360 மாதிரிகள். ஒரு பதிவை இறக்கி, பைத்தானில் அல்லது ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருளில் இரண்டு வடிகட்டிகளையும் போட்டுப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

உடலியங்கியலைப் பற்றி ஒரு வரி. உறுப்புகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, நரம்புச் செல்லின் மின்துடிப்பு, இதயத்தின் அழுத்த-கன அளவு வட்டம், நுரையீரலின் வாயுப் பரிமாற்றம், சிறுநீரக வடிகட்டல் ஆகிய நான்கையும் படம் வரைந்து விளக்கும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ்மேக்கர், வென்டிலேட்டர், டயாலிசிஸ் கருவி எல்லாம் இந்த நான்கின்மேல்தான் நிற்கின்றன.

4. மருத்துவமனைப் பயிற்சி: எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்தப் பகுதியைத்தான் இன்றைக்கே தொடங்கச் சொன்னேன்.

முதலில் தடுப்பூசி. மூன்று தவணைக்கு ஆறு மாதம். அதன்பின் ஒன்றிரண்டு மாதம் கழித்து, உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிட்டதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் போதுமானது என்று கொள்கிறார்கள். ஆக மொத்தம் எட்டு மாதம். குழந்தைப் பருவத்திலேயே போட்டிருக்கலாம், ஆனால் அட்டை தொலைந்திருந்தால் இந்த ரத்தப் பரிசோதனைதான் உங்கள் சான்று. இதைத் தவிர, காசநோய்ப் பரிசோதனை முடிவும், தட்டம்மை, சின்னம்மை ஆகியவற்றுக்கான எதிர்ப்புச் சக்திச் சான்றும் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. சில இடங்களில் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். இடம் உறுதியாகும் வரை காத்திராமல், பட்டியலை முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து விண்ணப்பம். மருத்துவமனையின் பொது முகவரிக்கு அனுப்பிய கடிதங்கள் எதற்கும் எனக்குப் பதில் வரவில்லை. உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவின் தலைவருக்கு நேரடியாக எழுதிய மூன்றாவது கடிதத்துக்கு மறுநாளே பதில் வந்தது. பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு பெரும்பாலும் அடித்தளத்திலோ, பின்புறக் கட்டடத்திலோ இருக்கும். கண்டுபிடித்து நேரில் போவதும் நல்லதே. கடிதத்தோடு துறைத்தலைவரின் பரிந்துரை, மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிச் சான்று, கல்லூரியின் விபத்துக் காப்பீட்டு நகல் ஆகியவற்றை இணைத்துவிட்டால், அவர்கள் மறுக்க இருக்கும் காரணங்களில் பாதி குறைந்துவிடும்.

எத்தனை வாரம் கேட்பது? நான்கு வாரத்துக்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் வாரம் வழி தெரிந்துகொள்ளவே போய்விடும்.

உள்ளே போனபின் என்ன பார்ப்பீர்கள் என்பதற்கு என் இரண்டாவது நாளைச் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு மானிட்டரைப் பற்றிப் புகார் வந்தது, ஈசிஜி கோடு நடுங்குகிறது என்று. நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு பெருக்கிப் பலகையைச் சோதிக்கத் தயாரானேன். எனக்கு மேலிருந்த மூத்த பொறியாளர், "தம்பி, அதை வைத்துவிட்டு வாருங்கள், முதலில் நோயாளியைப் பார்ப்போம்" என்று அழைத்துப்போனார். மார்பில் ஒட்டியிருந்த மின்முனைகளில் ஒன்றை உரித்துக் காட்டினார். நடுவிலிருக்கும் ஜெல் காய்ந்து, ஓரத்தில் சுருங்கி, விரலில் ஒட்டாமல் உதிர்ந்தது. உறை திறந்து பல நாள் ஆன பொதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தோலைத் துடைத்துப் புதியதை ஒட்டியதும் கோடு நேரானது. மொத்தம் ஐந்து நிமிடம். திரும்பி வரும்போது அவர் செவிலியரிடம் குறை சொல்லவில்லை, 'பொதியைத் திறந்த தேதியை மேலே எழுதிவைத்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்' என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கருவியையும், அதைப் பயன்படுத்துபவரையும், அது ஒட்டியிருக்கும் உடலையும் சேர்த்துப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

தினமும் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். தேதி, கருவியின் வகை, புகார், கண்டறிந்த காரணம், செய்த சோதனை, அளவீடு. நோயாளியின் பெயர், எண், படம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. கைபேசியில் வார்டைப் படம் எடுத்து அனுப்பிய ஒரு மாணவரின் பயிற்சி அன்றே முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்பதாலேயே, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரைத் திறக்காதீர்கள். அதன் மின்தேக்கியில் ஓர் இதயத்தைத் தட்டியெழுப்பும் அளவு ஆற்றல் தங்கியிருக்கக்கூடும். எம்ஆர்ஐ அறையின் காந்தமும் அப்படித்தான், இரவிலும் விடுமுறை நாளிலும் அது இயங்கிக்கொண்டே இருக்கும். சட்டைப்பையில் திருப்புளியோடு அந்தக் கதவைத் தாண்டக் கூடாது.

முடிக்கும்போது வாங்கும் சான்றிதழில் 'பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணிநேரம், பணிசெய்த பிரிவுகள், கையாண்ட கருவிகள், கையெழுத்திடுபவரின் பதவி ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னால் மேற்படிப்புக்கும் வேலைக்கும் இதைத்தான் கேட்பார்கள். அப்போது போய்க் கேட்டால் அந்த அதிகாரி மாறிப்போயிருப்பார்.

5. இறுதியாண்டுத் திட்டப்பணி

கடையில் கிடைக்கும் சென்சார் ஒன்றை மைக்ரோகன்ட்ரோலரோடு இணைத்து, இதயத்துடிப்பைக் கைபேசியில் காட்டும் திட்டம் ஆண்டுதோறும் எல்லாக் கல்லூரிகளிலும் வருகிறது. செய்யாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அதோடு நின்றுவிடாதீர்கள் என்றே சொல்வேன். உங்கள் கருவியின் அளவீட்டை, சரிபார்க்கப்பட்ட கருவியின் அளவீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டு கருவிகளின் அளவீட்டு வேறுபாட்டைக் காட்டும் பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடம் போட்டு, எத்தனை தூரம் விலகுகிறது, எப்போது அதிகமாக விலகுகிறது என்று காட்டுங்கள். நேர்முகத் தேர்வில் நான் அதிக நேரம் பேசியது என் வரைபடத்தில் விலகி நின்ற ஆறு புள்ளிகளைப் பற்றித்தான்.

மனிதர்களிடம் அளவீடு எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரிடம் எடுப்பதற்கும் இது தேவைப்படலாம். குழு தினமும் கூடாது, மாதத்துக்கு ஒருமுறையோ அதற்கும் அரிதாகவோ கூடும். ஒருமுறை திருத்தம் சொல்லி அனுப்பினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அனுமதி வருமுன் எடுத்த தரவைப் பிறகு பயன்படுத்த முடியாது. ஆகவே இறுதியாண்டு தொடங்கும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

பொதுத் தரவில் இயந்திரக் கற்றல் செய்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. ஒரே நோயாளியின் துடிப்புகளில் சிலவற்றைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் பிரித்தால், 99 விழுக்காடு துல்லியம் எளிதில் வந்துவிடும். நிரல் அந்த நபரை அடையாளம் கண்டுகொள்கிறது, நோயை அல்ல. நோயாளி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எண் குறையும். குறைந்த அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

6. செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

கல்விக் கட்டணம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் வருபவை இவை. தடுப்பூசியும் பரிசோதனைகளும். சம்பளம் இல்லாத பயிற்சிக் காலத்தின் தங்குமிடம், போக்குவரத்து. திட்டப்பணிக்கான உதிரிபாகங்கள், அதுவும் ஒருமுறை எரிந்துபோய் இரண்டாம் முறை வாங்குவது. சான்றொப்பம், மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்டு அனுப்பப்படும் மதிப்பெண் பிரதிகள்.

மிச்சப்படுத்த வழி உண்டு. மாணவர் உரிமத்தில் கிடைக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் செய்துவைத்தால், படிப்பு முடிந்து உரிமம் காலாவதியான மறுநாள் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம். கணக்கீட்டுக்கு ஆக்டேவ் அல்லது பைத்தான், சுற்றுப்பலகைக்குக் கிகேட், இயந்திரப் பாகங்களுக்கு ஃப்ரீகேட் என எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி எதைக் கற்றுத்தந்தாலும் ஒரு பிரதி இவற்றில் இருக்கட்டும்.

ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்புகளின் ஆவணங்களைச் சொந்தக் காசில் வாங்காதீர்கள், விலை அதிகம். நூலகத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏவின் வழிகாட்டு ஆவணங்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவக் கருவி ஒழுங்குமுறையும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. இரண்டு நாளில் தணிக்கையாளர் ஆக்கிவிடுகிறோம் என்று பெரும் கட்டணம் கேட்கும் பயிற்சி வகுப்புகளிடம் மாணவராக இருக்கும்போது நெருங்கவே வேண்டாம். வேலையில் சேர்ந்தபின் தேவையென்றால் நிறுவனமே அனுப்பும்.

7. எந்த வேலை உங்களுக்கு: மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு பக்கம் சாயுங்கள்

இந்தப் பட்டம் மிகவும் அகலமானது. மின்னணுவியல் நிறுவனத்துக்குப் போனால் மின்னணுவியல் மாணவர் உங்களைவிட ஆழமாகத் தெரிந்தவராக இருப்பார், மென்பொருள் பக்கம் போனாலும் அதே நிலை. ஏதாவது ஒன்றை நீங்களாகத் தோண்டி ஆழப்படுத்தியிருந்தால்தான், உடலும் தெரியும் கருவியும் தெரியும் என்ற உங்கள் பலம் கண்ணுக்குத் தெரியும். நான் இதை நான்காம் ஆண்டில்தான் உணர்ந்தேன்.

மருத்துவமனைப் பொறியாளர். புதிய கருவி வந்தால் ஏற்புச் சோதனை, குறித்த கால இடைவெளியில் பராமரிப்பு, புகார் வந்தால் ஓட்டம், வாங்கும் குழுவில் ஆலோசனை. ஐஇசி 60601-1 தரத்தின்படி, நோயாளியின் உடலைத் தொடும் பாகத்திலிருந்து கசியும் மின்னோட்டம் வழக்கமான நிலையில் 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது, இதயத்தை நேரடியாகத் தொடும் வகையென்றால் 10 மைக்ரோஆம்பியர்தான் எல்லை. இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டை விளக்கச் சொல்லி நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். தோலின் தடை காக்கிறது, இதயத்துக்குள் செலுத்திய கம்பிக்கு அந்தக் காப்பு இல்லை. இரவு அழைப்புகள் வரும். சம்பளம் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம், ஆனால் மூன்றாண்டில் இவ்வளவு வகைக் கருவிகளைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. முதல் வேலையாக நான் மனமாரப் பரிந்துரைப்பது இதையே.

களச் சேவைப் பொறியாளர். சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ், ஜிஇ ஹெல்த்கேர், ஃபிலிப்ஸ் போன்ற உற்பத்தியாளர்களுக்காக ஸ்கேன் கருவிகளை நிறுவுவதும் பழுதுபார்ப்பதும். பயிற்சி மிக நன்றாக இருக்கும். பயணம் ஓயாது. பணி ஒப்பந்தத்தில், பயிற்சிக்குப் பிறகு இத்தனை காலம் விலகக் கூடாது என்ற பிணைப்பு இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் படியுங்கள்.

வடிவமைப்பும் ஆராய்ச்சியும். இதற்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டமோ, மிக நல்ல திட்டப்பணியோ தேவைப்படும். இங்கே ஐஎஸ்ஓ 14971 என்ற இடர் மேலாண்மைத் தரம் தினசரிப் பேச்சில் வரும். கருவி எப்படியெல்லாம் தவறக்கூடும், தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறை அது. மென்பொருளுக்கு ஐஇசி 62304. அது மென்பொருளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது, உயிரிழப்போ கடுமையான காயமோ ஏற்படக்கூடியது சி வகுப்பு. உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இரண்டு பக்கத்தில் ஓர் இடர்ப் பட்டியல் தயாரித்துப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். அதைச் செய்யும் மாணவர்கள் குறைவு.

ஒழுங்குமுறையும் தரமும். கல்லூரியில் யாரும் சொல்லித்தராத, ஆனால் வேலை அதிகமுள்ள பகுதி. ஒரு கருவி சந்தைக்கு வரவேண்டுமானால் அது பாதுகாப்பானது என்று ஆவணத்தால் நிறுவ வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கருவிகள் ஒன்று, இரண்டு-ஏ, இரண்டு-பி, மூன்று என்று வகுக்கப்படுகின்றன. 2017/745 என்ற ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று வகுப்புகள். நடுத்தர இடருள்ள பெரும்பாலானவை 510(கே) என்ற வழியில், ஏற்கெனவே சந்தையிலுள்ள ஒரு கருவிக்கு இணையானது என்று காட்டி அனுமதி பெறுகின்றன. எஃப்டிஏ அனுமதித்த கருவிகளின் 510(கே) சுருக்கங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. நான்கைந்தைப் படித்தாலே இந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். எழுத்தில் தெளிவும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது மிக நல்ல வாழ்க்கை.

விற்பனை, செயல்விளக்க நிபுணர் ஆகிய வேலைகளும் உண்டு. அறுவை அரங்கில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று கருவியை அமைத்துத் தருவது செயல்விளக்க நிபுணரின் பணி. பேசத் தெரிந்தவர்கள் இதைத் தாழ்வாக எண்ண வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கதிர்வீச்சுச் சிகிச்சையில் பணிபுரியும் மருத்துவ இயற்பியலாளர், செயற்கைக் கை கால் பொருத்துபவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் ஆகியோருக்குப் பொதுவாகத் தனிப் படிப்பும், பல நாடுகளில் உரிமமும் வேண்டும். நம் பட்டம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால், அந்த நாட்டின் உரிம அமைப்பிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. மேற்படிப்பு

வேலை கிடைக்கவில்லை என்பதற்காக உடனே முதுநிலையில் சேராதீர்கள். ஓராண்டு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு எதைப் படிக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். மருத்துவப் படவியல், உயிர்ப்பொருள்கள், நரம்புப் பொறியியல், மறுவாழ்வுப் பொறியியல் என்று முதுநிலை குறுகிப் போகும். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, எந்தப் பேராசிரியரின் ஆய்வகம் என்பதைப் பாருங்கள்.

காலக் கணக்கு முக்கியம். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கே செல்லும், முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு மதிப்பெண் ஐந்து ஆண்டுக்கு. மூன்றாம் ஆண்டிலேயே ஆர்வக்கோளாறில் மொழித்தேர்வு எழுதிவிட்டு, ஓராண்டு வேலைக்குப் பிறகு விண்ணப்பித்தால் காலாவதியாகியிருக்கும். பரிந்துரைக் கடிதத்தை இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது உங்கள் திட்டப்பணிச் சுருக்கத்தையும் குறிப்பேட்டின் சில பக்கங்களையும் கையில் கொடுத்தால், பேராசிரியர் உங்களைப் பற்றி எழுத அவருக்கு ஏதாவது இருக்கும்.

9. ஒரே கோப்பு, முதல் நாளிலிருந்து

சேர்ந்த வாரமே ஒரு கோப்பு தொடங்குங்கள். தாளில் ஒன்று, மின்வடிவில் ஒன்று. அதில் சேர வேண்டியவை: ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியல், நீங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டம் கல்லூரி முத்திரையோடு, தடுப்பூசிச் சான்றுகள், பயிற்சிச் சான்றிதழ், குறிப்பேடு, நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம், திட்ட அறிக்கை.

பாடத்திட்டத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது மாறும். வேறு நாட்டில் பட்டத்தை மதிப்பிடுபவர்கள் ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் மணிநேரத்தையும் கேட்பார்கள். அப்போது கல்லூரி இணையத்தில் இருப்பது புதியதாக இருக்கும், உங்களுடையது பழைய கட்டில் எங்கோ இருக்கும். எனக்கு அதைத் தேடி எடுத்து முத்திரை வாங்கப் பதினொரு வாரம் ஆனது.

பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டிலும் பட்டத்திலும் பயிற்சிச் சான்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றும் கைக்கு வந்த அன்றே பாருங்கள். ஓரிடத்தில் முதலெழுத்தும் மற்றோரிடத்தில் முழுப்பெயரும் இருந்தால் இரண்டும் ஒருவரே என்று நிறுவும் வேலை உங்கள் தலையில் விழும். பட்டச் சான்றிதழ் அச்சிடும் முன் கல்லூரி ஒரு சரிபார்ப்புப் பட்டியலை ஒட்டும், பெரும்பாலும் தேர்வு நாட்களில், யாரும் நின்று பார்க்காத பலகையில். உங்கள் வரியைப் படித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரின் வரியையும் படித்துச் சொல்லுங்கள்.